விசா ஒருவர் பெயரில், வேலை இருவருக்கும்: வெளிநாடு போகும் வேலூர்க் குடும்பங்கள் எங்கே இடறுகின்றன?

“இங்கிலாந்து குடும்ப விசாவை நிறுத்திட்டாங்களாமே?” “அமெரிக்காவுல சம்சாரத்துக்கு வேலை கிடையாதாமே?” “கனடாவுக்கு இனிமே வீட்டுக்காரரைக் கூட்டிட்டுப் போக முடியாதாமே?” கடந்த இரண்டு ஆண்டுகளாக வாட்ஸ்அப்பில் சுற்றும் கேள்விகள் இவை. மூன்றிலும் பாதி உண்மை உண்டு. அந்தப் பாதியைக் கேட்டுப் பயந்து, கைக்கு வந்த வாய்ப்பை விட்டவர்கள் இருக்கிறார்கள். மறுபாதியை மட்டும் நம்பி இங்கே நல்ல வேலையை ராஜினாமா செய்துவிட்டு, அங்கே போய் இரண்டு வருடம் வீட்டில் உட்கார்ந்தவர்களும் இருக்கிறார்கள்.

கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகும் ஒரு வீடு அப்படியே பெயர்ந்து இன்னொரு நாட்டில் போய் உட்காரும்போது இரண்டாவது வேலை ஏன் உடைகிறது? ஊரில் சொல்லும் காரணம், “அட்ஜஸ்ட் பண்ணிக்கத் தெரியல.” அது கடைசியில் வரும் காரணம். அதற்கு முன்பே விசாத் தாள், படிப்புச் சான்று, கடிகாரம் ஆகிய மூன்றும் பாதி முடிவை எடுத்துவிடுகின்றன.

முதலில் நான்கு சொற்கள்

1. முதன்மை விண்ணப்பதாரர்: வேலை யார் பெயரில் கிடைத்ததோ அவர். குடும்பத்தின் மொத்த விசாவும் இவர் வேலையில்தான் தொங்குகிறது.

2. டிபென்டன்ட்: அவரைச் சார்ந்து போகும் கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள். பெரும்பாலான நாடுகளின் வேலை விசாவில் அப்பா, அம்மா இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். நம் வீட்டுக் கணக்குக்கும் அவர்கள் கணக்குக்கும் முதல் மோதல் இங்கேதான்.

3. ஸ்பான்சர்: விசாவுக்குப் பொறுப்பேற்கும் முதலாளி. இவர் கையை விட்டால் விசா ஆட்டம் காணும்.

4. பப்ளிக் ஃபண்ட்ஸ்: அரசு தன் மக்களுக்குத் தரும் உதவித்தொகைகள். பல விசாக்களில் “இதைத் தொடக்கூடாது” என்று ஒரு வரி இருக்கும். விமானம் ஏறும்வரை யாரும் அந்த வரியைப் படிப்பதில்லை. பிள்ளையை எங்கே விடுவது என்ற கேள்வி வரும்போதுதான் அது கண்ணில் படுகிறது.

நர்ஸ் வேறு, கேர் ஒர்க்கர் வேறு

வேலூரில் அதிகம் குழம்புவது இங்கிலாந்து விஷயத்தில். முதியோர் இல்லங்களிலும் வீடுகளிலும் பராமரிப்பு வேலை செய்யும் கேர் ஒர்க்கர், சீனியர் கேர் ஒர்க்கர் ஆகியோர் 2024 மார்ச் 11 முதல் புதிதாகக் குடும்பத்தைக் கூட்டிவர முடியாது. 2025 ஜூலை 22 முதல் அந்த வேலைகளுக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதே நின்றுவிட்டது. ஒரு வருட மாஸ்டர்ஸ் படிக்கப் போகும் மாணவர்களுக்கு இதே கதவு 2024 ஜனவரியிலேயே மூடியது. திறன் வேலைகளுக்குத் தரும் ஸ்கில்டு ஒர்க்கர் விசாவுக்கான பொதுவான குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளமும் 2024 ஏப்ரலில் 26,200 பவுண்டிலிருந்து 38,700க்கும், 2025 ஜூலையில் 41,700க்கும் ஏறியது.

பதிவு பெற்ற நர்ஸ் இந்த வலையில் சிக்கவில்லை. மருத்துவத் துறை வேலைகளுக்கான ஹெல்த் அண்டு கேர் விசாவில் போகும் நர்ஸ் கணவனையும் பிள்ளைகளையும் கூட்டிப்போகலாம். அந்தக் கணவர் ஏறக்குறைய எந்த வேலையும் பார்க்கலாம். தொழில்முறை விளையாட்டு வீரர், பயிற்சியாளர் ஆகிய வேலைகள்தான் விலக்கு. அவருக்கு ஸ்பான்சரும் தேவையில்லை. ஒரு ஏஜென்ட் “நர்ஸ் விசா மாதிரிதான்” என்று சொல்லி கேர் விசாவை நீட்டியிருந்தால், அந்த “மாதிரி”க்குள் ஒரு குடும்பமே அடங்கியிருக்கிறது.

வேலூரில் டிபென்டன்ட் யார்?

வெளிநாட்டு வாழ்க்கை பற்றிய பேச்சில் பொதுவாகக் கணவன் ஐடி வேலைக்குப் போவார், மனைவி பின்னால் போவார். வடாற்காட்டுப் பக்கம் இந்தப் படம் பல வீடுகளில் தலைகீழ். 1900ல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய சிஎம்சி மருத்துவமனை, 1909ல் நர்சிங் பள்ளி, 1946ல் நர்சிங் பட்டப்படிப்பு என்று வளர்ந்தது. அதைச் சுற்றி நர்சிங் இந்த ஊரின் தொழிலாகவே ஆகிவிட்டது. வெளிநாட்டு வேலை மனைவி பெயரில் வருகிறது. கணவர் ராணிப்பேட்டை சிப்காட்டிலோ, பெல் நிறுவனத்தைச் சார்ந்த ஒரு பட்டறையிலோ, ஆம்பூர் ஷூ கம்பெனியிலோ சூப்பர்வைசர். டிபென்டன்ட் என்ற கட்டத்தில் அவர் பெயர்.

1984ல் தொடங்கிய விஐடி இன்னொரு வகைக் குடும்பத்தை உருவாக்கியது: இருவருமே இன்ஜினியர், இருவருக்குமே ஏறக்குறைய ஒரே சம்பளம். இந்த வீட்டில் யார் பெயரில் விசா எடுப்பது என்பதே ஒரு முடிவு. ஆனால் அதை யாரும் முடிவாக உட்கார்ந்து எடுப்பதில்லை. முதலில் யாருக்கு ஆஃபர் வந்ததோ அவர் பெயரில் ஓடிவிடுகிறது.

அதில் போகும் பணத்தைப் பாருங்கள். இங்கிலாந்தில் ஸ்கில்டு ஒர்க்கர் விசாவில் போகிறவர்கள் மருத்துவச் சேவைக்காக ஆண்டுக்குப் பெரியவர்களுக்கு 1,035 பவுண்டு, பிள்ளைக்கு 776 பவுண்டு என்று விசாக் காலம் முழுமைக்கும் முன்கூட்டியே கட்ட வேண்டும். கணவன், மனைவி, ஒரு குழந்தை, மூன்று ஆண்டு: 8,538 பவுண்டு. ஹெல்த் அண்டு கேர் விசாவில் போகும் குடும்பத்துக்கு இந்தக் கட்டணமே கிடையாது. மனைவி நர்ஸ், கணவர் ஐடி என்று இருக்கும் வீட்டில் கணவரின் ஆஃபர் முதலில் வந்துவிட்டது என்பதற்காக அவர் பெயரில் போவதும், மூன்று மாதம் பொறுத்து மனைவி பெயரில் போவதும் ஒன்றல்ல. இரண்டாவது வழியில் அந்தப் பணம் மிச்சம். கணவரும் எந்த முதலாளிக்கும் கட்டுப்படாமல் வேலை மாற்றிக்கொள்ளலாம். ஆண்பிள்ளை டிபென்டன்ட்டாகப் போவதா என்ற கௌரவம் ஒன்றுதான் இதற்குக் குறுக்கே நிற்கிறது. அதன் விலை என்ன என்பது மேலே பவுண்டில் இருக்கிறது.

மற்ற நாடுகளில் இரண்டாமவருக்கு என்ன கிடைக்கும்?

1. அமெரிக்கா. எச்-1பி என்ற வேலை விசாவில் போகிறவரின் மனைவிக்கோ கணவனுக்கோ எச்-4. அதை வைத்துப் படிக்கலாம், வேலை பார்க்க முடியாது. இஏடி என்ற தனி அனுமதி அட்டை வேண்டும். 2015 மே மாதம் வந்த விதிப்படி, முதன்மை விசாக்காரரின் கிரீன் கார்டு முயற்சியில் ஐ-140 என்ற படி ஒப்புதல் பெற்றிருந்தால் (அல்லது அந்த முயற்சியை வைத்தே அவருக்கு ஆறாண்டுக்கு மேல் நீட்டிப்பு கிடைத்திருந்தால்) இஏடிக்கு விண்ணப்பிக்கலாம். கம்பெனி கிரீன் கார்டு வேலையைத் தொடங்கியிருக்கிறதா என்பதே கேள்வி. “ஒரு வருஷம் பார்த்துட்டு ஆரம்பிப்போம்” என்று கம்பெனி சொன்னால், இரண்டாமவரின் வேலை அதற்கு மேலும் தள்ளிப்போகிறது. 2025 அக்டோபர் 30 முதல் புதுப்பிக்க விண்ணப்பித்தவர்களுக்கு, பழைய அட்டை தானாக நீளும் சலுகையும் போய்விட்டது. புது அட்டை வரத் தாமதமானால் வேலையை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். இதற்கு நேர்மாறாக, கம்பெனிக்குள் இடமாற்றமாக எல்-1 விசாவில் போகிறவரின் துணைக்கு 2021 நவம்பர் முதல் தனி அட்டை இல்லாமலே வேலை உரிமை உண்டு. ஒரே கம்பெனி, ஒரே ஊர், ஒரே சம்பளம் என்றாலும் விசாவில் உள்ள ஓர் எழுத்து துணையின் பல ஆண்டுகளைத் தீர்மானிக்கிறது.

“அமெரிக்காவில் உட்கார்ந்துகொண்டு சென்னைக் கம்பெனிக்கு லேப்டாப்பில் வேலை செய்தால் என்ன, சம்பளம் இங்கேதானே வருகிறது” என்று கேட்பவர்கள் உண்டு. வேலை அனுமதி இல்லாதவர் அங்கே உட்கார்ந்து செய்யும் வேலையைச் சம்பளக் கணக்கு எந்த ஊரில் இருக்கிறது என்பது காப்பாற்றாது. குடியேற்ற வழக்கறிஞர்கள் பொதுவாக இதை வேண்டாம் என்றே சொல்வார்கள்.

2. கனடா. 2025 ஜனவரி 21 முதல் துணை எந்த முதலாளியிடமும் வேலை பார்க்க உதவும் ஓபன் ஒர்க் பர்மிட் சுருங்கியது. முதன்மையானவர் உயர்திறன் வேலையில் அல்லது குறிப்பிட்ட பற்றாக்குறைத் தொழில்களில் இருக்க வேண்டும். அவர் அனுமதியில் குறைந்தது 16 மாதம் மிச்சம் இருக்க வேண்டும். மாணவர் என்றால் 16 மாதம் அல்லது அதற்கு மேல் ஓடும் மாஸ்டர்ஸ், முனைவர் பட்டம், சில தொழிற்படிப்புகள். டிப்ளமோ சேர்ந்து மனைவியைக் கூட்டிப்போய்விடலாம் என்ற பழைய ஆலோசனையை இன்னும் விற்கிறவர்கள் இருக்கிறார்கள்.

3. அயர்லாந்து, ஜெர்மனி. அயர்லாந்தில் 2024 மே 15 முதல் பொது வேலை அனுமதியில் இருப்பவரின் துணைக்கும் தனி பர்மிட் இல்லாமல் வேலை உரிமை. ஜெர்மனியில் ப்ளூ கார்டு என்ற உயர்திறன் வேலை அனுமதி வைத்திருப்பவரின் துணைக்கு முதல் நாளிலிருந்தே. மொழிதான் அங்கே தடை.

4. சிங்கப்பூர். 2021 மே 1க்கு முன் டிபென்டன்ட் பாஸ் வைத்திருப்பவர் ஓர் ஒப்புதல் கடிதத்தோடு வேலைக்குப் போய்விடலாம். இப்போது அவருக்கென்று தனி ஒர்க் பாஸ் வேண்டும். எம்ப்ளாய்மென்ட் பாஸ் வைத்திருப்பவர் குடும்பத்தைக் கூட்டிவர மாதம் 6,000 வெள்ளி சம்பளமும் வாங்க வேண்டும்.

5. சவூதி. தனியார் துறையில் இருப்பவர் ஒவ்வொரு டிபென்டன்ட்டுக்கும் மாதம் 400 ரியால் கட்ட வேண்டும். 2017 ஜூலையில் 100 ரியாலாகத் தொடங்கி, ஆண்டுக்கு 100 ஏறி, 2020ல் இந்த அளவுக்கு வந்தது. கணவர், இரண்டு பிள்ளைகள் என்றால் ஆண்டுக்கு 14,400 ரியால். நர்ஸ் மனைவி மட்டும் போய், குடும்பம் குடியாத்தத்திலேயே தங்கிவிடும் வீடுகளின் கணக்கு இதில்தான் இருக்கிறது.

படிப்பு அதே படிப்பு, பெயர் வேறு பெயர்

விசா அனுமதித்தாலும் தொழில் அனுமதிக்க வேண்டும். நர்ஸ், டாக்டர், ஆசிரியர், பிசியோதெரபிஸ்ட் ஆகியோருக்கு அந்தந்த நாட்டில் லைசென்ஸ் வேண்டும். சாஃப்ட்வேர்க்காரருக்கு வேண்டாம். இதனால் இருவரில் யார் முதலில் நிமிர்வார் என்பது மாறிப்போகிறது.

இங்கிலாந்து போகும் நர்ஸுக்கு ஐஇஎல்டிஎஸ் அல்லது ஓஇடி என்ற ஆங்கிலத் தேர்வு, பிறகு கணினித் தேர்வு, அங்கே போய் ஆஸ்கி என்ற செய்முறைத் தேர்வு. அது முடிந்து ‘பின்’ (PIN) என்ற நர்ஸ் பதிவு எண் வரும்வரை சம்பளம் ஒரு படி கீழே இருப்பது வழக்கம். வளைகுடா என்றால் டேட்டாஃப்ளோ என்ற சான்றிதழ் சரிபார்ப்பு, புரோமெட்ரிக் என்ற கணினித் தேர்வு. நர்ஸ் முதன்மை விண்ணப்பதாரராக இருந்தால் மருத்துவமனை இந்தப் பாதையில் கைபிடித்து நடத்தும். அதே நர்ஸ் டிபென்டன்ட்டாகப் போய் இறங்கினால், கட்டணமும் தேர்வுத் தேதியும் பயிற்சியும் அவர் பாடு. ஒரே படிப்புக்கு இரண்டு விதி.

டாக்டர் தம்பதிக்கு அமெரிக்காவில் ஒரு வசதி உண்டு. ரெசிடென்சி என்ற மருத்துவமனைப் பயிற்சி இடங்களை ஒதுக்கும் மேட்ச் முறையில் 1984 முதல் தம்பதிகள் தங்கள் விருப்பப் பட்டியல்களை இணைத்துக் கொடுக்கலாம். ஒரே ஊரில் இருவருக்கும் இடம் விழ வாய்ப்பு கூடும். ஒருவருக்கு மட்டும் நல்ல இடம் என்ற வாய்ப்பைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்துத்தான் இந்த வசதியை வாங்குகிறார்கள்.

இந்த இடத்தில் நம் ஊருக்கே உரிய ஒரு சள்ளை. பள்ளிச் சான்றில் “கே. செல்வி” என்று இன்ஷியலோடு இருக்கும், பாஸ்போர்ட்டில் இன்ஷியலை விரித்து அப்பா பெயர் குடும்பப் பெயர் ஆகியிருக்கும், கல்யாணத்துக்குப் பின் எடுத்த ஆதாரில் கணவர் பெயர் ஒட்டியிருக்கும். மாவட்டமும் அப்படித்தான். ஆற்காட்டில் 1985ல் பிறந்தவரின் பிறப்புச் சான்றில் வடாற்காடு. 1989ல் அந்த மாவட்டம் இரண்டானது, பிறகு வேலூர் மாவட்டம் என்று பெயர் மாறியது, 2019ல் மூன்றாகப் பிரிந்து இப்போது ராணிப்பேட்டை. பிறந்த வீடு நகரவில்லை, தாளில் முகவரி மூன்று முறை நகர்ந்துவிட்டது. சரிபார்க்கும் அலுவலகத்தில் இருப்பவருக்கு இந்தக் கதை தெரியாது. எல்லாப் படிவத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ளதை எழுத்து மாறாமல் எழுதுவதும், பெயர் வேறுபாட்டுக்கு ஓர் உறுதிமொழிப் பத்திரத்தை ஊரிலேயே எடுத்துக்கொள்வதும் பின்னால் பல வாரங்களை மிச்சப்படுத்தும்.

கணவரின் வேலையைத் தீர்மானிப்பது மனைவியின் டியூட்டி சார்ட்

விசா உண்டு, லைசென்ஸ் பிரச்சினை இல்லை, ஆங்கிலமும் வரும். அப்படியும் ராணிப்பேட்டையில் குவாலிட்டி இன்ஜினியராக இருந்தவர் இங்கிலாந்தில் வேர்ஹவுஸில் ராத்திரி ஷிப்டில் பெட்டி அடுக்குகிறார். ஏன் என்று பார்க்க ஒரு கற்பனைக் குடும்பத்தின் 28 நாளை எடுத்துக்கொள்வோம். மனைவி அரசு மருத்துவமனை நர்ஸ், குழந்தைக்கு இரண்டு வயது.

முழுநேர நர்ஸுக்கு வாரம் 37.5 மணி, நான்கு வாரத்தில் 150. ஒரு லாங் டே என்பது பல வார்டுகளில் காலை 7.30 முதல் இரவு 8 வரை. இடைவேளை போகச் சம்பளக் கணக்கில் வருவது சுமார் பதினொன்றரை மணி. ஆக 28 நாளில் 13 ஷிப்ட், 15 நாள் ஓய்வு. கேட்க நன்றாக இருக்கிறது. “மாசத்துல பாதி நாள் லீவாமே!” என்று மாமியார் போனில் சந்தோஷப்படுவார்.

அந்த 13 நாள் எந்த 13 நாள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு வாரம் திங்கள், செவ்வாய், சனி. அடுத்த வாரம் புதன், வியாழன் நைட், ஞாயிறு. ரோட்டா என்ற டியூட்டிப் பட்டியல் வந்ததும் அது ஃப்ரிட்ஜ் கதவில் ஏறுகிறது. லாங் டேக்கு சிவப்பு வட்டம், நைட்டுக்குக் கறுப்பு, ஆஃப் நாளுக்கு ஒன்றும் இல்லை. நர்சரியோ குறிப்பிட்ட நாட்களைத்தான் விற்கும்: வாரா வாரம் திங்கள், செவ்வாய், புதன். நர்ஸின் புதன் மாறும், நர்சரியின் புதன் மாறாது. ஆஃப் நாளில் குழந்தை வீட்டில் இருந்தாலும் அந்த நாளுக்குக் காசு போகும். டியூட்டி நாளில் நர்சரி இடம் இருக்காது.

சரி, ஐந்து நாளும் நர்சரி எடுத்துவிட்டார்கள் என்றே வைப்போம். லாங் டே அன்று மனைவி 6.45க்குக் கிளம்பி 8.30க்குத் திரும்புகிறார்: பதின்மூன்றே முக்கால் மணி. நர்சரி 7.30 முதல் 6 வரை என்றால் பத்தரை மணி. மிச்சம் மூன்றேகால் மணி கணவருடையது. காலை 7.30க்கு விட்டு, மாலை 6க்குள் எடுக்க வேண்டும். 9 முதல் 5 வரை வேலையும், நாற்பது நிமிடப் பயணமும் உள்ள ஆபீஸ் வேலைக்காரர் இதில் தப்பிவிடுவார். ஃபேக்டரி என்றால் காலை 6 மணி ஷிப்டும் ஆகாது, மதியம் 2 மணி ஷிப்டும் ஆகாது. குவாலிட்டி இன்ஜினியர் வேலை இருப்பது ஃபேக்டரியில். ஆகவே மனைவி வீட்டுக்கு வந்த பிறகு கிளம்பும் வேர்ஹவுஸ் நைட் ஷிப்ட்.

பிள்ளை பள்ளிக்குப் போனால் செலவு குறையும், நேரம் இன்னும் இறுகும். பள்ளி காலை 8.45 அல்லது 9 முதல் மதியம் மூன்றேகால் வரைதான். பள்ளியிலேயே நடக்கும் காலை, மாலை கிளப்புகள் உண்டு. எல்லாப் பள்ளியிலும் இல்லை.

இனி அரசு தரும் இலவச மணி நேரம். இங்கிலாந்தில் வேலைக்குப் போகும் பெற்றோரின் குழந்தைக்கு ஒன்பது மாதத்திலிருந்தே வாரம் 30 மணி நேரக் கட்டணத்தை அரசு ஏற்கும் என்று 2025 செப்டம்பரில் விரிவாக்கினார்கள். செய்தியைப் படித்துவிட்டு இங்கிருந்து கணக்குப் போட்டுப் போகிறவர்கள் உண்டு. பெற்றோர் இருவர் விசாவிலும் “பப்ளிக் ஃபண்ட்ஸ் கிடையாது” என்று இருந்தால் இந்த 30 மணி அவர்களுக்கு இல்லை. மூன்று வயது முடிந்த அடுத்த பருவத்திலிருந்து எல்லாக் குழந்தைக்கும் பொதுவாகக் கிடைக்கும் 15 மணி மட்டும் உண்டு. அதுவும் ஆண்டுக்கு 38 வாரக் கணக்கில். ஒன்பது மாதத்துக்கும் மூன்று வயதுக்கும் நடுவில் உள்ள காலம் ஏறக்குறைய முழுக்கக் கைக்காசு. குடும்பம் இடம்பெயர்வதும் பெரும்பாலும் இந்த வயதில்தான்.

இந்த இடைவெளியை அடைக்கத் தெரிந்த தமிழ்க் குடும்பத்தில் காசு கொடுத்துக் குழந்தையை விடுவது நடக்கிறது. எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளையைத் தன் வீட்டில் வைத்து, நாளைக்கு இரண்டு மணிக்கு மேல், காசு வாங்கிப் பார்த்துக்கொள்கிறவர் இங்கிலாந்தில் சைல்ட்மைண்டராகப் பதிவு செய்திருக்க வேண்டும். நெருங்கிய சொந்தம் விலக்கு. ஃபிரண்டு விலக்கு அல்ல.

ஆயா வரும் ஆறு மாதம்

வடாற்காட்டில் ஆயா என்றால் பாட்டி. சென்னையில் அதே சொல் சம்பளத்துக்குப் பிள்ளை பார்க்கும் பெண்மணியையும் குறிக்கும். வெளிநாட்டுக் குடும்பங்களின் பொருளாதாரம் இந்த இரண்டு பொருளுக்கும் நடுவில்தான் ஓடுகிறது.

முதல் ஆறு மாதம் அவள் அம்மா, அடுத்த ஆறு மாதம் அவன் அம்மா. இந்தச் சுற்று அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஓடுவதற்குக் காரணம் பார்வையாளர் விசாவில் ஒரு வருகைக்குப் பொதுவாக ஆறு மாதம்வரை கிடைப்பது. ஜெர்மனியில் 180 நாளுக்கு 90 நாள்தான், சுற்று சரிப்படாது. பெற்றோருக்கும் தாத்தா பாட்டிக்கும் கனடா தரும் சூப்பர் விசாவில் ஒரே தடவையில் ஐந்து ஆண்டுவரை தங்கலாம். வசதி அதிகம், மருத்துவக் காப்பீடு கட்டாயம்.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. பேரப்பிள்ளையைக் கொஞ்சப் போகிறவர் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்வதில் தவறில்லை. ஆனால் பிள்ளை பார்ப்பதற்காகவே வருகிறேன் என்று விண்ணப்பத்தில் எழுதினால் விசா அதிகாரி அதை வேலையாகப் படிக்க இடம் கொடுக்கிறது. அடுத்தது உடம்பு. பெட்டியில் புளி, மிளகாய்த்தூள், ஆறு மாதத்துக்கான பிரஷர் மாத்திரை எல்லாம் இருக்கும், காப்பீட்டுத் தாள் இருக்காது. இங்கிலாந்தில் பார்வையாளர் மருத்துவமனையில் அட்மிட் ஆனால் சாதாரணச் செலவில் 150 சதவீதம் பில் வரும். மகள் அதே மருத்துவமனையில் நர்ஸ் என்பதால் ஒரு பைசா குறையாது.

தாத்தா ஊரில் தனியாகச் சமைத்துக்கொண்டிருப்பது இந்தக் கணக்கில் எங்கேயும் வருவதில்லை. வர வேண்டும் என்பது என் கருத்து.

ஒன்று தள்ள, அடுத்தது சரியும்

1. முதல் வருடம் இரண்டாமவருக்கு வேலை இல்லை, அல்லது துறைக்குச் சம்பந்தமில்லாத வேலை. ரெஸ்யூமேயில் ஓர் இடைவெளி.

2. ஒரே சம்பளத்தில் வாடகை ஓடுவதால் முதன்மையானவர் கூடுதல் ஷிப்ட் எடுக்கிறார். அவர் நேரம் குறையக் குறைய, இரண்டாமவர் வீட்டில் இருந்தே ஆக வேண்டியதாகிறது. ரொம்பப் பேர் மாட்டிக்கொள்வது இந்தச் சுழலில்.

3. மூன்றாம் வருடம் துறை வேலைக்கு விண்ணப்பித்தால் “உள்ளூர் அனுபவம் எங்கே” என்று கேட்கிறார்கள்.

4. இதற்கிடையில் முதன்மையானவரின் வேலை போனால் மொத்த வீடும் ஆடும். அமெரிக்காவில் எச்-1பிக்கு அதிகபட்சம் 60 நாள் அவகாசம். இங்கிலாந்திலும் ஸ்பான்சர் கைவிட்டால் பொதுவாக 60 நாளாகத்தான் விசாவைச் சுருக்குவார்கள். இரண்டாமவர் தன் துறையில் நல்ல வேலையில் இருந்தால், அந்த 60 நாளில் அவர் பெயருக்கு விசாவை மாற்ற ஒரு வழியாவது இருக்கும். இரண்டாவது வேலையை “கூடுதல் வருமானம்” என்று மட்டும் பார்ப்பது இதனால்தான் தவறு.

5. இங்கிலாந்தில் ஸ்கில்டு ஒர்க்கருக்கு ஐந்து ஆண்டில் கிடைத்துவந்த நிரந்தர உரிமையைப் பொதுவாகப் பத்தாண்டு ஆக்கும் திட்டத்தை அரசு 2025 மே மாத வெள்ளை அறிக்கையில் முன்வைத்தது. காத்திருப்பு நீண்டால் பப்ளிக் ஃபண்ட்ஸ் தடையும் அதே அளவு நீளும்.

ராஜினாமா கடிதத்துக்கு முன்

ஆஃபர் வந்ததும் இங்கே முதலில் கேட்கப்படுவது “எவ்வளவு சம்பளம்?” அதற்குப் பக்கத்திலேயே கேட்க வேண்டியவை:

1. துணையின் விசாவில் வேலை உரிமை முதல் நாளா, ஒப்புதலுக்குப் பிறகா? அமெரிக்கா என்றால், கிரீன் கார்டு வேலையை எந்த மாதம் தொடங்குவீர்கள் என்று ஹெச்ஆரிடம் எழுத்தில் கேளுங்கள். கேட்டதற்காக ஆஃபரைத் திரும்ப வாங்கும் கம்பெனி, பின்னால் எதையும் செய்யப்போவதில்லை.

2. துணையின் லைசென்ஸ் தாள்களை வேலூரில் இருக்கும்போதே தொடங்க முடியுமா? தமிழ்நாடு நர்ஸுகள் கவுன்சிலில் வாங்க வேண்டிய சான்றை அங்கே போய் உட்கார்ந்துகொண்டு, தம்பியைச் சென்னைக்கு அலையவிட்டு வாங்குவது எல்லோருக்கும் தண்டனை.

3. ஒருவர் முன்னால் போய் நான்கைந்து மாதம் கழித்து மற்றவர் போவதா, சேர்ந்தே போவதா? நர்ஸ் விஷயத்தில் ஆஸ்கி முடியும்வரை கணவர் இங்கே வேலையை விடாமல் இருப்பது நல்லது என்பேன். குழந்தையைப் பிரிவது கஷ்டம்தான். ஆனால் அந்த மாதங்களில் இங்கே ஒரு சம்பளம் ஓடும், இங்கே ஆயாவும் இருப்பார்.

4. டிபென்டன்ட்டாகப் போகிறவரின் ரெஸ்யூமேயில் முதல் பக்கத்திலேயே “ஸ்பான்சர் தேவையில்லை, முழு வேலை உரிமை உண்டு” என்று இருக்கிறதா? இந்தியப் பட்டத்தைப் பார்த்ததும் விசாச் செலவை நினைத்துத் தள்ளிவைக்கும் முதலாளிகள் உண்டு. இங்கிலாந்தில் ஷேர் கோட் என்ற எண்ணைக் கொடுத்தால் அவர்களே இணையத்தில் உரிமையைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

5. ரோட்டாவை மாற்றக் கேட்கலாமா? கேட்கலாம். 2024 ஏப்ரல் 6 முதல் இங்கிலாந்தில் வேலையில் சேர்ந்த முதல் நாளிலேயே வேலை நேரத்தை மாற்றித் தரும்படி சட்டப்படி விண்ணப்பிக்க முடியும். ஆண்டுக்கு இரண்டு முறை கேட்கலாம், இரண்டு மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். மறுக்கவும் அவர்களுக்கு உரிமை உண்டு. “குழந்தை இருக்கு, கொஞ்சம் பார்த்துப் போடுங்க” என்று வார்டு மேனேஜரிடம் வாய்வார்த்தையாகக் கெஞ்சுவது இதில் சேராது. விண்ணப்பத்தில் தேதி வேண்டும், என்ன மாற்றம், எந்தத் தேதியிலிருந்து என்பது வேண்டும், இது சட்டப்படியான விண்ணப்பம் என்ற வரியும் வேண்டும். “செவ்வாய், வியாழன், சனி லாங் டே, நைட் இல்லை” என்று நாளைக் குறிப்பிட்டு எழுதினால் நர்சரியில் அதே செவ்வாய், வியாழனை வாங்கலாம், சனிக்கிழமை குழந்தை அப்பாவோடு. வாரத்துக்கு மூன்று லாங் டே என்றால் நான்கு வாரத்துக்கு 12 வரும். பதின்மூன்றாவது ஷிப்டை எங்கே வைப்பது என்பதையும் அந்தக் கடிதத்திலேயே நீங்களே சொல்லிவிடுங்கள்.